கோயில் வேறு, கூலி ஒன்று

தோழர்களே! சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையிலே, மாதா கோவிலுக்குப் போகிறவர் உண்டு. சேர்வராயனைக் கும்பிடுகிறவர் உண்டு. எதையும் கும்பிடாதவரும் உண்டு.

நாத்திகர் கிறிஸ்தவத்தை விமர்சிப்பது ஏன்? ஏசுவின் மேல் பகையா? இல்லை. எல்லோரும் ஆண்டவன் பிள்ளைகள் என்ற சபைக்குள்ளும் சாதி புகுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதி பிரித்த சுவர் 1910-ல்தான் இடிந்தது. “பொறுத்திரு, பரலோகத்தில் பலனுண்டு” என்ற போதனையால் லாபம் யாருக்கு? முதலாளிக்கே! எந்த மதத்திடமும் இதே கேள்விதான்.

ஆனால் ஜெபிக்கும் தோழரை ஏளனம் செய்வது பகுத்தறிவாகாது. கேள்வி கேட்பவரைச் சாத்தான் என்பதும் விசுவாசமாகாது. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை இருவருக்குமே தருகிறது.

பழத்தை எடைபோடுகிறவன் மதம் பார்த்தா கூலியை வெட்டுகிறான்? வாதம் நடக்கட்டும், சங்கம் உடைய வேண்டாம்!