செம்பு தீர்ந்த ஊர்



பழம்பெரும் ஊர்களைக் காணச் செல்வோர் அரண்மனையையும் கோபுரத்தையும் கண்டு மீள்வர். எளியோர் உறங்கிய இடத்தை எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அமெரிக்க நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், இராங்கல் மலைத்தொடரில், பனியாற்றின் ஓரத்தே வெறிச்சோடி நிற்கும் கென்னிகாட் என்னும் ஊருக்கும் இந்நிலை வரலாகாது என்பது என் கருத்து.

அட்னா பழங்குடியினர் நெடுங்காலமாகச் செம்பைக் கருவிகளாக்கிய நிலம் அது. 1900ஆம் ஆண்டில் தாது தேடி வந்த இருவர் மலைமேல் செம்புப் பாறையைக் கண்டனர். 1911இல் கடலோரக் கோர்டோவாவிலிருந்து 196 மைல் நீளமுள்ள இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. மலைச்சரிவில் 14 அடுக்குகளாக இறங்கும் சிவப்பு ஆலை எழுந்தது. மேலே வெட்டிய தாது, கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் கீழிறங்கி நொறுக்கப்பட்டது. ஏறத்தாழ 20 கோடி டாலர் பெறுமானமுள்ள செம்பு அங்கிருந்து சென்றது. நல்ல தாது தீர்ந்தது, 1938 நவம்பரில் கடைசி இரயில் புறப்பட்டது, ஊரே காலியாயிற்று.

மருத்துவமனை, பள்ளி, கடை, படுக்கை யாவும் கம்பனியுடையவை. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தொழிலாளர் வாரம் ஏழு நாளும் உழைத்து, பொதுத் தங்குமனையில் உறங்கி, ஊதியத்தைக் குடும்பத்திற்கு அனுப்பினர். மது அங்கே விலக்கப்பட்டிருந்தது. குடிக்க விரும்பியவர் ஐந்து மைலுக்கப்பால் உள்ள மக்கார்த்திக்குச் சென்றனர். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை கண்ட நமக்கு இது வியப்பே!

1986இல் அவ்வூர் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 1998இல் தேசியப் பூங்காத் துறை பல கட்டடங்களை வாங்கிப் பேணத் தொடங்கியது. பனியும் வெள்ளமும் தாக்கும் இடத்தில் எல்லாவற்றையும் காத்தல் அரிது. சில இடிந்துபோகட்டும் என்பாரும் உளர். செலவு கருதிய அவ்வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆலையை மட்டும் நிறுத்திவிட்டுத் தங்குமனைகளை மண்ணுக்கு விடுதல் முறையன்று. எந்திரத்தின் அமைப்பை வரைபடத்திலேனும் அறியலாம். வெட்டிய தாதுவின் எடை கணக்கேட்டில் கிடைக்கும். களைத்து வந்தவனுக்கு எத்துணை இடம் ஒதுக்கப்பட்டது என்பதோ, அவ்வறையில் நின்று பார்த்தாலன்றி விளங்காது.

நம் பிள்ளைகளுள் ஒருவர் என்றேனும் அங்குச் செல்லக்கூடும். சிட்டினாவிலிருந்து பழைய இருப்புப்பாதைத் தடத்தின்மீது அமைந்த 60 மைல் சாலையில் சென்று, நடைபாலத்தால் ஆற்றைக் கடக்க வேண்டும். சிவப்பு ஆலை தொலைவிலேயே கண்ணைக் கவரும். அதற்கு முன்பாகத் தங்குமனைகளைப் பார்த்துவிடுமாறு அப்பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன்.