கிளாரிட்டி குறையாது என்ற பொய்

"கிளாரிட்டி அப்படியே இருக்கும், சைஸ் மட்டும் குறையும்." பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர், செல்போன் கடைக்காரர், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதை நம்பி 40 ஜிபி ஒரிஜினலை அழித்துவிட்டு, 2 ஜிபி பைலைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போகிறார்கள் குடும்பத்தார். இது பொய். பச்சைப் பொய்.

கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள ஒரு பிரேமை எதையும் விடாமல் எழுதிவைத்தால் 6 எம்பிக்கு மேல் வரும். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 11 ஜிபி. செல்போனிலோ அதே நிமிடம் ஏறக்குறைய 130 எம்பியில் அடங்கிவிடுகிறது. நாம் ஒரிஜினல் என்று வைத்திருப்பதே 80 மடங்குக்கு மேல் சுருக்கப்பட்டதுதான். விடக்கூடியதில் பெரும்பகுதியைப் போனே விட்டுவிட்டது. அதையும் இருபதில் ஒரு பங்காக்கினால் எங்கிருந்து எடுப்பார்கள்?

இந்தச் சுருக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் பெங்களூர்க்காரர். இங்கே பிறந்து, கே.ஆர். சர்க்கிளில் இருக்கும் இன்றைய யுவிசிஇ கல்லூரியில் 1961இல் பட்டம் பெற்ற நசீர் அகமது, டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் டிசிடி என்ற கணித முறை வந்தது. ஜேபெக், விசிடி, டிவிடி, 2003இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை எல்லாம் அதன்மேல் நிற்பவை. அந்தக் கணிதத்தில் பொய் இல்லை. படத்தைச் சிறு கட்டங்களாக்கி, மேலோட்டமான சாயலையும் நுணுக்கங்களையும் தனித்தனியே பிரித்துத் தருகிறது. திருப்பிப் போட்டால் படம் மீண்டும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் நுணுக்கங்களைத் தோராயமாக்கி, பலவற்றைப் பூஜ்யமாக்குகிறார்கள். பைல் சிறுப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே போனது திரும்பாது.

எது போகிறது? மணவறையில் பொண்ணும் மாப்பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை சிக்கலில்லை; முந்தைய பிரேமையே திரும்பக் காட்டினால் போதும். கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டும்போது நூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம். முந்தைய பிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு ஒதுக்கும் டேட்டா அளவை, இறுக்கிய பைலில் அப்போது பொண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடையும், பட்டின் ஜரிகை மஞ்சள் திட்டாகிவிடும். எந்த நொடிக்காக வீடியோகாரரை அழைத்தோமோ, அந்த நொடிதான் முதலில் பலி.

கண்ணுக்குத் தெரியாதே என்பார்கள். எச்.264க்குப் பின் வந்த எச்.265இல் பிட்ரேட்டைத் தாராளமாக வைத்துப் பொறுமையாகச் சுருக்கினால் டிவியில்கூட வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த பைல் அதோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒருமுறை, ஸ்டேட்டஸுக்கு ஒருமுறை என்று மேலும் மேலும் சுருங்குகிறது. பாட்டி போன மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அதிலிருந்து முகத்தை வெட்டி எடுக்கும்போது கன்னத்து வரிகள், மூக்குத்திக் கல் எதுவும் இருக்காது. வழவழவென்று யாரோ ஒரு கிழவி இருப்பார்.

விஎச்எஸ் கேசட்டை விசிடிக்கு மாற்றிவிட்டுக் கேசட்டைக் குப்பையில் போட்டவர்கள் நாம். விசிடியின் படம் வெறும் 352க்கு 288 புள்ளி. அப்போதும் இதே உத்தரவாதம்தான் கொடுத்தார்கள்.

இழப்பே இல்லாத முறையும் உண்டு. ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் எஃப்எஃப்வி1 அப்படிப்பட்டது. செல்போன் வீடியோவை அதில் போட்டால் பைல் பல மடங்கு பெருகும். கடையில் விற்கப்படுவது அதுவல்ல.

சுருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறவினருக்கு அனுப்பச் சின்ன பைல் வேண்டும்தான். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை மறுபடி சுருங்காமல் போய்ச் சேரும். ஆனால் வீடியோ எடுப்பவர்களே, ஆல்பம் கொடுக்கும் அன்றே ஒரிஜினலையும் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுங்கள், அதற்கான காசைத் தைரியமாகக் கேளுங்கள். மண்டபத்துக்கும் பந்திக்கும் லட்சக்கணக்கில் கொட்டிய வீட்டார் அந்தக் காசுக்கு மூக்கால் அழக் கூடாது. இரண்டு இடத்தில் ஏற்றி, ஓட்டிப் பார்க்கும்வரை மெமரி கார்டை யாரும் பார்மட் செய்யாதீர்கள்.