பரணில் கிடக்கும் ரிவால்வருக்கு வெல்டிங் வைக்காதீர்கள்

இராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856-ல் திறக்கப்பட்டது என்பது வடசென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். அதே 1856-ல் துப்பாக்கி உலகத்திலும் இரண்டு சமாச்சாரங்கள் நடந்தன.

நியூ ஆர்லியன்ஸில் டாக்டர் லெமாட் என்பவர் ஒரு விசித்திர ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். ஒன்பது குண்டு பிடிக்கும் உருளை. அது சுற்றுகிற அச்சே இன்னொரு குழல். அதில் சிறு ரவைகளைப் போட்டுச் சுடலாம். (ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!) இங்கிலாந்தில் பியூமாண்ட் என்ற ராணுவ இன்ஜினியர் ஆடம்ஸ் ரிவால்வரைத் திருத்தினார். பழைய ஆடம்ஸில் விசையை நீளமாக இழுத்தால்தான் சுத்தியல் எழும்பி அடிக்கும். கட்டைவிரலால் அதை முன்கூட்டியே இழுத்து நிறுத்த வழியில்லை. பியூமாண்ட் இரண்டு வசதியையும் ஒரே துப்பாக்கியில் கொண்டுவந்தார். 1857 புரட்சியின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் வைத்திருந்தது ஆடம்ஸ் ரகங்களைத்தான்.

இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அங்கே 1898 வரை செய்யப்பட்டவற்றை மத்திய சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. இங்கே அந்தப் பழக்கம் வளராததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. துறைமுகத்தில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர் இடுப்பில் ரிவால்வர் இருக்கலாம்; அவர் பெட்டியைத் தூக்கும் கூலிக்காரரிடம் இருந்தால் குற்றம். ஆகவே மதராஸில் மிஞ்சியிருக்கும் பழைய ரிவால்வர் வெறும் இரும்பு அல்ல. யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்பதற்கான சாட்சி.

சரி, தாத்தா கம்பெனி துரையிடமிருந்து வாங்கி வைத்த ஒன்று பரணில் கிடைத்தால்? பயத்தில் முதலில் தோன்றுவது, குழலில் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்பதுதான். அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1959 சட்டத்தின் 45-வது பிரிவு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு தருகிறது. அதாவது உயிரை எடுத்தால் உடலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் லெமாட்டிலும் பியூமாண்டிலும் விசேஷமே அந்த உயிர்தான், உள்ளே ஓடும் இயந்திரம். அதை உருக்கி ஒட்டிவிட்டு அலமாரியில் வைப்பதற்கு, ஒரு பேப்பர் வெயிட் வாங்கி வைக்கலாம்.

பிப்ரவரி 2020-ல் மத்திய உள்துறை விதியைத் தளர்த்தியது. கியூரியோ வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டாம். சுடவும் வெளியே எடுத்துச் செல்லவும் வேண்டும். நல்ல மாற்றம் இது. உங்கள் வீட்டுப் பொருள் அந்த வகையில் வருமா என்று கமிஷனர் அலுவலகத்தில் கேளுங்கள். (போட்டோவைக் கொண்டுபோய்க் கேளுங்கள். துப்பாக்கியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள்.)

"பழசு என்று விட்டால் ரவுடிகள் கைக்குப் போகாதா?" என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பிரிட்டனில் அதுதான் நடந்தது. குற்றவாளிகள் பழம்பொருள் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியதால், 2021-ல் ஏழு வகைத் தோட்டாக்களை விலக்குப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். கவனிக்க வேண்டியது, அங்கே கட்டுப்பாடு போனது தோட்டாவின் பக்கம். இங்கேயும் அந்த இடத்தில்தான் பிடியை இறுக்க வேண்டும்.

விற்றுக் காசாக்கும் ஆசை இருந்தால் அதை மறந்துவிடலாம். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளையும் தொல்பொருளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அமெரிக்க ஏலத்தில் எத்தனை டாலருக்குப் போனால் என்ன, திருவொற்றியூர் பரணுக்கு அந்த விலை ஒட்டாது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

எதைச் செய்தாலும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: தாத்தா எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தார், யாரிடமிருந்து, எந்த வருடம் வாங்கினார், துப்பாக்கியில் என்ன நம்பர் பொறித்திருக்கிறது. பில் இல்லாத சரக்குக்கு கணக்கில் இடம் கிடையாது. விவரம் சொல்லக்கூடிய பாட்டிக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.