கோட்டக்கல் வீடும் கோபாலசமுத்திரமும்

திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நெடுந்தூரம் கடந்தே கடலைக் காணவேண்டும். ஆயினும் மேல்கரையில், கோழிக்கோட்டுக்கு வடக்கே, இரிங்ஙல் கோட்டக்கல்லில் உள்ள ஒரு பழைய வீட்டைப் பற்றி நமது வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அவ்வீட்டின் கதை நமது ஊர்க் கதைக்கு அந்நியமானதன்று.

அது குஞ்ஞாலி மரைக்காயர்களின் வீடு. சிறிய வீடுதான். கேரள சர்க்காரின் தொல்பொருள் இலாகா அதைப் பாதுகாத்து, பழைய வாட்களையும் பீரங்கிக் குண்டுகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. கடற்கொள்ளைக்காரர் வாழ்ந்த இடம் என்று கேள்விப்பட்டு ஆவலோடு வருவாரும் உளர். அந்தப் பட்டத்தை அவர்களுக்குச் சூட்டியவர் யார் என்று கேட்பார்தாம் அரியர்.

சூட்டியவர்கள் போர்ச்சுகீசியப் பறங்கியர். 1498-ல் வாஸ்கோ ட காமா மலையாளக் கரைக்கு வரும்வரை, அராபியரும் கூர்ஜரரும் தமிழரும் மலையாளிகளும் எவரிடமும் அனுமதி கேளாமல் அக்கடலில் வியாபாரம் செய்துவந்தனர். பறங்கியரோ தாங்கள் கொடுக்கும் 'கர்த்தாஸ்' என்ற சீட்டு இல்லாத கப்பலைக் கண்டால் சரக்கோடு பறித்துக்கொள்வோம் என்றார்கள். 1502-ல் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றை, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் உள்ளிருக்க, அதே வாஸ்கோ ட காமா கொளுத்தினார். அவருக்கு லிஸ்பனில் கிடைத்த பெயர் கடற்படைத் தளபதி. தமது கரையைக் காக்கக் கப்பலேறியவர்களுக்குக் கிடைத்த பெயர் கொள்ளைக்காரர்!

குஞ்ஞாலி என்பது சாமூதிரி மன்னர் தமது கடற்படைத் தலைவருக்கு அளித்த பட்டம். நால்வர் அதைத் தாங்கினர். அவர்களுடைய போர் மலையாளத்தோடு நின்றுவிடவில்லை. 1538-ல் நமது இராமநாதபுரம் கரையில், வேதாளையில், மரைக்காயர் படையும் பறங்கியர் படையும் மோதின. அன்று பறங்கியரே வென்றனர். அத்துடன் மரைக்காயர் ஓய்ந்துவிடவில்லை. 1571-ல் சாலியத்துப் பறங்கிக் கோட்டை சாமூதிரி வசமாகித் தரைமட்டமாயிற்று. கோட்டக்கல்லில் மரைக்காயரின் கோட்டை எழுந்தது.

மரைக்காயர் ஆட்களும் பிறர் கப்பல்களைப் பறித்ததுண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. கடலில் பறித்தவன் கொள்ளைக்காரனென்றால் அப்பெயர் இரு தரப்புக்கும் உரியது. ஒரு தரப்புக்கு மட்டும் அதை ஒட்டிவைப்பதையே ஆட்சேபிக்கிறோம்.

கடைசிக் குஞ்ஞாலியின் வீழ்ச்சிதான் நமது நெஞ்சை அதிகம் உறுத்துகிறது. சாமூதிரிக்கும் அவருக்கும் பகை மூண்டது. மன்னரின் யானையினது வாலை அவர் அறுத்துவிட்டார் என்று ஒரு கதை. இந்து சமுத்திரத்துக்குத் தாமே அதிபதி என்று பட்டம் சூடிக்கொண்டார் என்று இன்னொன்று. கதை எப்படியாயினும், மன்னர் தமது கடற்காவலரை ஒழிக்கப் பறங்கியரோடு கைகோத்தார். 1599-ல் வாஸ்கோவின் கொள்ளுப்பேரனான வைசிராயின் சகோதரர் லூயிஸ் ட காமா படையெடுத்து வந்து தோற்றுத் திரும்பினார். மறு வருஷம் கடலில் பறங்கியரும் கரையில் சாமூதிரியும் முற்றுகையிட்டனர். உயிருக்கு அபயம் என்ற வாக்கை நம்பிக் குஞ்ஞாலி சாமூதிரியிடம் சரணடைந்தார். பறங்கியர் அவரைப் பற்றிக்கொண்டு கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றனர். தலையை உப்பிட்டுக் கண்ணூரில் கம்பத்தில் நாட்டினர் என்பர். கோட்டை இடிக்கப்பட்டது. எஞ்சியது ஒரு வீடு.

இனி நமது ஊருக்கு வருவோம். 1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்குப் போயிற்று. இந்நாட்டுப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டி அவர்களை எதிர்த்தவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். நாடிழந்த வேலு நாச்சியாருக்கு அதற்கு முன்பே அடைக்கலம் தந்த பாளையம் அது. கும்பினியார் அவருக்கு வைத்த பெயர் கலகக்காரர். 1801-ல் தூக்கிலிட்டனர். அது நடந்த இடம் திண்டுக்கல் நகரத்துக் குளக்கரை என்றும், அதனாலேயே அதற்குக் கோபாலசமுத்திரம் என்று பெயர் வந்தது என்றும் ஊர் வழக்கு. கடலில்லாத ஊரில் ஒரு சமுத்திரம்!

சுதந்திர இந்தியாவின் கடற்படை பம்பாயிலுள்ள தனது நிலையம் ஒன்றுக்குக் குஞ்ஞாலியின் பெயரையே இட்டிருக்கிறது. 2000-ல் அவருக்குத் தபால் தலையும் வெளிவந்தது. கோபால நாயக்கருக்கு விருப்பாச்சியில் மணிமண்டபம் உண்டு. நன்று. ஆனால் திண்டுக்கல்லுக்கு வருகிறவர் பார்ப்பது மலைக்கோட்டையை. ஆண்டவர்கள் கட்டியதும் மாற்றியதும் அங்கே கல்லாக நிற்கின்றன. எதிர்த்தவருக்கு இந்நகரில் நிற்பது ஒரு குளத்தின் பெயர்.

பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்கள், இறங்கியதும் கோபாலசமுத்திரக் கரைக்கும் அழைத்துச் செல்லட்டும். கும்பினியார் சொன்ன பெயர் இது, ஊரார் இட்ட பெயர் இது என்று இரண்டையும் அங்கேயே சொல்லட்டும். கோட்டக்கல் வீட்டைக் காட்டுகிறவர்களுக்கும் நமது வேண்டுகோள் அதுவே.