சாலைக்கு அடியில் யாருடைய குழாய்?

"ரோட்டை வெட்ட அனுமதி கிடையாது." காலனிக்குத் தண்ணீர் கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுத்தவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். அதே ரோட்டுக்கு அடியில்தான் ஊர்ப் பெரியவரின் கிணற்றிலிருந்து தோப்புக்குப் போகும் பிவிசி குழாய் கிடக்கிறது. அதைப் புதைத்தபோது ரோடு என்ன தானாகவா திறந்தது?

பொதுச்சாலை உள்ளாட்சியின் பொறுப்பில் இருப்பது. அதற்கு அடியில் தனியார் குழாய் போக அனுமதி வேண்டும், கட்டணம் வேண்டும், வெட்டியதைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அதில் தவறில்லை. தெருவைப் பார்த்து விதி மாறுவதுதான் தவறு. அதற்குப் பெயர் நிர்வாகம் அல்ல, சாதி.

நீதிமன்றம் போகும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அவருக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கும் கொடுங்கள்" என்பதை மட்டும் நம்பி ரிட் மனு போடாதீர்கள். ஒருவர் சட்டவிரோதமாகப் பெற்ற சலுகையை இன்னொருவர் சமத்துவத்தின் பெயரால் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவருடைய குழாயே அனுமதியில்லாதது என்றால் நம் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. தண்ணீர், பிரிவு 21 தரும் வாழ்வுரிமையின் பகுதி. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது பிரிவு 15(2). "நிதி இல்லை" என்பார்கள். கடமையைச் செய்யாததற்கு நகராட்சி அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது என்று 1980இலேயே ரத்லம் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

மகாடை நினைத்துப் பாருங்கள். சவுதார் குளத்தை 1924இல் நகராட்சியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் "இது தனியார் குளம்" என்று வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நிராகரிக்க 1937 ஆனது. அன்று பொதுக் குளத்தைத் தனியார் சொத்து என்றார்கள். இன்று பொதுச்சாலையைத் தனியார் சொத்தாகவே நடத்துகிறார்கள்.

எனவே முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்தச் சாலையில் யார் யாருக்குக் குழாய் பதிக்க அனுமதி தரப்பட்டது, எந்தத் தீர்மானப்படி, நகல் தருக. பதில் வந்தாலும் ஆதாரம். வராவிட்டாலும் ஆதாரம்.