பழைய வண்டியும் பூட்டிய அணிகலன்களும்

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மோட்டார் சைக்கிளை விற்க முன்வரும் தந்தை, தாம் அதற்குப் பூட்டிய பொருள்களின் விலையையும் சேர்த்தே கணக்கிடுகிறார். வாங்க வருபவரோ ஆர்.சி. புத்தகத்தையும், டயரின் தேய்மானத்தையும், எஞ்சினின் ஓசையையுமே கவனிக்கிறார். அணிகலன்களுக்கெனத் தனியே பணம் தருவார் அரியர்.

புல்லட் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இளைஞர் முதலில் மாற்றுவது சைலன்சரை. அவ்வெடியோசை பூட்டியவருக்கு இன்பம், வாங்குபவருக்கு அச்சம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நாளை உரிமையாளராகப் போகிறவர், பழையபடி சைலன்சர் பூட்டும் செலவைக் கழித்துத்தானே விலை சொல்வார்!

சிலர் அழகு கருதிப் பின்சக்கரத்தின் சேலைக் காப்பையும் கழற்றிவிடுகின்றனர். பின்னால் அமர்ந்து திருப்பலிக்கு வரும் தாயின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கவே விதிகள் அதனை வேண்டுகின்றன. இதனை அழகென ஒப்ப நம்மால் இயலவில்லை.

கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருப்போர் பிழைத்தனர். விற்கும் வேளையில் அவற்றையே மீண்டும் பூட்டி, புதியவற்றைத் தனியே விற்றுவிடலாம். பக்கப் பெட்டி போன்றவை விலையை உயர்த்தாவிடினும் விற்பனையை விரைவாக்கக்கூடும். நல்ல டயர், பாட்டரி, ஒழுங்காகச் சேர்த்துவைத்த சர்வீஸ் ரசீதுகள் ஆகியவை அவற்றினும் மேலானவை.

விபத்தில் வளைந்த ஃபோர்க்கைப் புதுப் பெயின்ட்டால் மறைத்து விற்பதோ விலைப்பேச்சே அன்று. அது ஏழாம் கட்டளைக்குரிய பொருள். வளைவைக் காட்டி, அதற்குரிய தொகையைக் குறைத்துக்கொண்டே விற்க வேண்டும்.