நடைபாதையை யார் அளப்பது?

திருவண்ணாமலை நடப்பவர்களின் ஊர். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் தூரம் பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் பஸ்கள் ஊருக்கு வெளியே நிற்கின்றன; அதிகாரிகள் எல்லோருக்கும் நடப்பவனைப் பற்றியே பேச்சு. மறுநாள் காலை வேலைக்கு நடக்கும் உழைப்பாளியைப் பற்றிப் பேசுவார் யார்?

ரமணாசிரமத்தின் முன்னால் செங்கம் சாலை போகிறது. செங்கம், கிருஷ்ணகிரி, பெங்களூர் செல்லும் பஸ்கள் ஓடுவது அந்தச் சாலையில்தான். கிரிவலம் வருவோர் அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம் நோக்கி நடப்பதும் அதில்தான். பூ, இளநீர், தேநீர் விற்போரும் ஆட்டோ ஓட்டுவோரும் பிழைப்பதும் அதன் ஓரத்தில்தான். அந்த ஓரத்தை அடி அடியாக அளந்து, வரைபடமாக்கி, அதை வைத்தே சாலைத் திட்டம் போட வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

“அளப்பது எஞ்சினீயர் வேலை. நமக்குக் கூலிப் போராட்டம் போதாதா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலி வாங்கியவன் உயிரோடு வீடு வந்து சேர வேண்டாமா? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்! அவர்களில் கார் வைத்திருந்த சீமான்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சர்க்காரின் கணக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற விவரம் சேகரிக்கப்பட்டது. நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்து போவதாகத் தெரிந்தது. காரில் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் விவசாயி இல்லை, விவசாயக் கூலி இல்லை, வீட்டிலே தொழில் செய்வோரும் இல்லை! ஆதி அண்ணாமலையிலிருந்து விடியுமுன் வயலுக்கு நடக்கும் தாய்மார்களின் கால்கள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. கணக்கில் இல்லாதவனுக்குத் திட்டத்தில் பங்கு கிடைக்குமா?

ஆகவே முதல் கேள்வி, யார் அளப்பது, எப்போது அளப்பது என்பதுதான். பௌர்ணமி இரவில் மட்டும் தலை எண்ணினால் பக்தர் கணக்கு கிடைக்கும். ஷிப்டு மாறும் நேரத்திலும், வயல் வேலைக்குப் புறப்படும் நேரத்திலும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் எண்ணினால்தான் ஊரின் கணக்கு கிடைக்கும்.

இரண்டாவது, எப்படி அளப்பது? நடக்க 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி, தடையற்ற அகலம் வேண்டும். ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வகுத்த விதி. பத்தடி நடைபாதையின் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் நின்று இரண்டடிதான் மிச்சம் என்றால், அது இரண்டடிப் பாதையே! தலைச்சுமையோடு வருபவள் அங்கேதான் சாலையில் இறங்குகிறாள். பஸ் மோதுவதும் அங்கேதான். எனவே சராசரி அகலம் என்ற மாயக்கணக்கு வேண்டாம். மிகக் குறுகிய இடத்தை எழுது! உடைந்த சாக்கடை மூடி, எரியாத விளக்கு, சாலையைக் கடக்க வழியில்லாத இடம், நடைபாதையே இல்லாத இடம் யாவும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு டேப்பும் நோட்டுப் புத்தகமும் போதும். 2004-ல் லண்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடம் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தது. செல்போன் வைத்திருக்கும் எந்தத் தொழிலாளியும் தன் தெருவை அதில் பதியலாம்.

மூன்றாவது எச்சரிக்கை மிக முக்கியம். அளவு நாடா சில சமயம் புல்டோசருக்கு முன்னோடியாக வருகிறது! நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே மாதம் கூறியது. ஆக்கிரமிப்பை அகற்றவும் சொன்னது. முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியைப் பூக்காரியின் கூடைமீது மட்டும் பிரயோகிக்க நாம் விடலாமா? சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகன்ற நடைபாதை திறந்தார்கள், நல்லதே. ஆனால் அங்கே கடை போட்டிருந்தவர்கள் 2013-லேயே மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள்.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தையும் நடைபாதை வரைபடத்தையும் ஒன்றாக வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். நடப்பவனும் விற்பவனும் பகையாளிகள் அல்ல. இருவரையும் ஓரத்துக்குத் தள்ளுவது மோட்டார் வாகனங்களுக்கே சாலையை எழுதி வைத்த திட்டம்.

2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகியது. பெயர் பெரிதானால் போதாது. பொறுப்பும் பெரிதாக வேண்டும். நமது கோரிக்கைகள் இவை: வார்டு தோறும் நடைபாதையை அளக்க வேண்டும். அளக்கும் குழுவில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், தெரு வியாபாரி, மாற்றுத் திறனாளி ஆகியோரின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வரைபடத்தைத் தமிழில் எழுதிப் பொது இடத்தில் மாட்ட வேண்டும். மிகக் குறுகிய இடத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

மாநகராட்சி தொடங்கும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். சங்கக் கிளைகள் அடுத்த ஞாயிறு டேப்பை எடுக்கட்டும். ரமணாசிரம வாசலில் தொடங்குவோம். அளந்த கணக்கைக் கையில் ஏந்தி மாநகராட்சி வாசலுக்குத் திரண்டு செல்வோம்!